கேள்விக்குறி போட்ட லூவியன் சொல்லுக்குப் பொருள் தேடுவது எப்படி?

இன்றைய துருக்கியான அனத்தோலியாவில் பழங்காலத்தில் பேசப்பட்டு அழிந்துபோன லூவியன் மொழியைப் படிக்கத் தொடங்கி, இலக்கண நூலில் பாதி தாண்டியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வாக்கியத்தில் ஐந்து சொல் இருந்தால் நான்கு புரிகிறது. ஐந்தாவது அகராதியில் இருக்கிறது, ஆனால் பொருளுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சில சமயம் பொருளே தராமல் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் என்ன செய்வது, எதை முதலில் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அறிஞர்களின் கட்டுரைகளைப் படித்து, அவர்கள் அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று பின்னோக்கிப் பிரித்துப் பார்த்துத்தான் ஒரு முறை பிடிபட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வரியை வைத்துக்கொள்வோம். பழைய ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்தூசாவில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில், இஸ்தனுவா ஊர்ச் சடங்குகளைச் சொல்லும் இடத்தில், ஒரு பாட்டின் தொடக்கம் வருகிறது: “அஹ்ஹதத அலதி அவியெந்த விலுசதி.” பலகையின் எண் கேபிஓ 4.11 (கேபிஓ என்பது ஹத்தூசாப் பலகைகளை வெளியிடும் பதிப்புத் தொடர்). மொழியியலாளர் கால்வெர்ட் வாட்கின்ஸ் இதை ‘செங்குத்தான விலுசாவிலிருந்து அவர்கள் வந்தபோது’ என்று படித்தார்; விலுசாவை அவர் ஊர்ப்பெயராக எடுத்துக்கொண்டார். இதில் சிக்கலான சொல் ‘அலதி’.

1. எந்த எழுத்தில் இருக்கிறது என்று பிரியுங்கள்

லூவியன் இரண்டு எழுத்துகளில் கிடைக்கிறது. ஒன்று களிமண்ணில் குத்திய ஆப்பெழுத்து. அது பெரும்பாலும் ஹிட்டைட் தலைநகரான ஹத்தூசாவின் ஆவணங்களுக்குள், ஹிட்டைட் மொழிச் சடங்கு நூல்களின் நடுவே கிடைக்கும். மற்றொன்று கல்லில் வெட்டிய சித்திர எழுத்து. அனத்தோலியாவிலும் வட சிரியாவிலும் ஹிட்டைட் பேரரசு காலத்திலிருந்து கி.மு. 700 வாக்கு வரை வெட்டப்பட்டது. நூல்கள், தளங்கள், விழும் குழிகள் எல்லாமே பெரும்பாலும் இரண்டுக்கும் வேறு வேறு. உங்கள் சொல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அகராதியைத் திறக்காதீர்கள்.

ஆப்பெழுத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹிட்டைட் வாக்கியத்தின் நடுவே லூவியன் சொல் வந்தால் எழுத்தர் சில சமயம் அதற்கு முன் சாய்ந்த ஆப்புக்குறி போடுவார். குறி போட்டதெல்லாம் லூவியன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. லூவியன் சொற்கள் எல்லாவற்றுக்கும் குறி இருக்கும் என்றும் நம்ப முடியாது.

2. ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள்

நல்ல செய்தி: பாதிக்கு மேல் இலவசம்.

ஆப்பெழுத்து லூவியனுக்கு கிரெய்க் மெல்செர்ட்டின் சொற்களஞ்சியம் (1993) பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லும் எந்தப் பலகையில், எந்த வரியில், எந்த வடிவத்தில் வருகிறது என்று தரும். உங்கள் முதல் ஆவணம் இதுதான். பலகைகளின் புகைப்படங்களுக்கு மைன்ஸ் நகரத்து ஹிட்டைட்டியல் இணையவாயில். லூவியனுக்கு நெருங்கிய உறவான ஹிட்டைட் மொழியோடு ஒப்பிடச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹிட்டைட் அகராதி. அதன் தொகுதிகளையும் அவர்களே இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு எழுத்துகளுக்கும் சேர்த்துத் தேட இல்யா யாகுபோவிச்சின் லூவியன் தொகுப்பும், மியூனிக், மார்பர்க் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய ஈடியானா இணைய அகராதியும் உண்டு. தேவையான பக்கங்களைப் பார்த்த அன்றே சேமித்துக்கொள்ளுங்கள். இந்தத் தளங்கள் சில நாள் திறக்காமல் போவதுண்டு, அதுவும் நமக்கு அவசரமான நாளில்.

ஆப்பெழுத்துப் பகுதிகளைத் தொடர்ச்சியாகப் படிக்க ஃபிராங்க் ஸ்டார்க்கெயின் 1985 தொகுப்பு வேண்டும். அது ஜெர்மனில் இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி அடிக்குறிப்புகளைச் சமாளிக்கும். ஆனால் ‘இருக்கலாம்’, ‘போலும்’ என்ற தொனியை அது அடிக்கடி விழுங்கிவிடும். நமக்கு வேண்டியதே அந்தத் தொனிதான். முக்கியமான வாக்கியங்களையாவது ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு வருவது சித்திர எழுத்துப் பக்கம். டேவிட் ஹாக்கின்ஸின் பெருந்தொகுப்பு (முதல் தொகுதி, 2000) இல்லாமல் கல்வெட்டுச் சொல் எதையும் உருப்படியாக ஆராய முடியாது. விலை நூற்றுக்கணக்கான யூரோ, வாங்க நினைக்க வேண்டாம். பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து பாருங்கள், அல்லது நூலகப் பரிமாற்றத்தில் உங்களுக்கு வேண்டிய கல்வெட்டின் பக்கங்களை மட்டும் கேளுங்கள். கேட்கும்போது மூன்றாம் பாகத்தின் படத்தகடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். உரைப் பக்கம் மட்டும் வந்தால் பாதி வேலைதான் நடக்கும். சொந்தமாக வாங்கத் தகுந்தது அன்னிக் பெய்னின் அறிமுகப் பாடநூல் ஒன்றுதான்.

எழுத்துரு: சித்திர எழுத்துகள் 2015-இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன. நோட்டோ குடும்பத்தின் அனத்தோலிய எழுத்துரு இலவசம்.

3. மூலத்தைக் கண்ணால் பாருங்கள்

எழுத்துப்பெயர்ப்பை மட்டும் நம்பிப் பொருள் தேடுவதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி. அரிய சொல் அரியதாக இருப்பதற்கு ஒரு சாதாரணக் காரணம், அந்த இடத்தில் கல் உடைந்திருப்பது. சதுர அடைப்புக்குள் இருக்கும் எழுத்து கல்லில் இல்லை, பதிப்பாசிரியர் நிரப்பியது. அரை அடைப்புக்குள் இருப்பது பாதி தெரிவது. சொல்லின் நடு எழுத்து அடைப்புக்குள் இருந்தால், நீங்கள் ஆராயப்போவது பதிப்பாசிரியரின் ஊகத்தை. அங்கேயே நிறுத்திவிடலாம்.

சித்திர எழுத்தில் இன்னொரு தொல்லை வரிசை. ஒரு வரி வலமிருந்து இடமாகப் போனால் அடுத்தது இடமிருந்து வலமாகத் திரும்பும். முகம், விலங்குத் தலை போன்ற குறிகள் வரியின் தொடக்கத்தைப் பார்த்து நிற்கும் என்பதால் திசை பிடிபடும். ஆனால் ஒரு வரிக்குள் குறிகள் மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கும், எது முன் எது பின் என்பது பல இடங்களில் தெளிவில்லை. சொற்பிரிப்புக் குறி உண்டு. எழுத்தருக்கு மனம் இருந்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. ஆகவே ‘புதிய சொல்’ என்று நினைப்பது, இரண்டு பழைய சொற்களைத் தப்பாகச் சேர்த்துப் படித்ததாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய குழி, புத்தகத்தின் ஆண்டு. சித்திரக் குறிகளின் ஒலி ஒரே நாளில் முடிவானதல்ல. 1970-களின் தொடக்கத்தில் ஹாக்கின்ஸ், அன்னா மோர்ப்பூர்கோ டேவிஸ், குந்தர் நாய்மன் மூவரும் சேர்ந்து, மிக அடிக்கடி வரும் நான்கு குறிகளின் ஒலியையே மாற்றினார்கள். அதுவரை ‘ஈ’ என்று படித்த குறி ‘ட்ஸ’ ஆனது. ‘இந்த’ என்று பொருள்படும் கல்வெட்டுச் சொல் அதனால் ஆப்பெழுத்தில் உள்ள அதே சொல்லோடு பொருந்திப்போனது. அதற்கு ஆதாரமாக நின்றவற்றில் ஒன்று, கிழக்குத் துருக்கியின் அல்தின்தெப்பேயில் கிடைத்த ஜாடிகளில், உரார்த்து என்ற பழைய அரசின் அளவுப் பெயர்களைச் சித்திர எழுத்தில் எழுதியிருந்தது.

அடுத்த மாற்றம் 2010-இல். எலிசபெத் ரீக்கனும் யாகுபோவிச்சும், சித்திரக் குறிகளுக்கு எண் கொடுத்த லரோஷின் பட்டியலில் 319, 172 என்ற எண்ணுள்ள குறிகளைத் ‘த’ வரிசையிலிருந்து ‘ல’ வரிசைக்கு மாற்றினார்கள். அதற்கு முன் தகரத்தோடு படித்த ‘பெயர்’ என்ற சொல் ‘அலமன்ட்ஸ’ ஆனது. ஹிட்டைட்டில் பெயருக்கு ‘லாமன்’. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எத்தனை கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள்.

இதிலிருந்து நடைமுறை விதி: 1974-க்கு முந்தைய சொற்பட்டியலைப் படங்களுக்காக மட்டும் திறங்கள். ஹாக்கின்ஸின் 2000 தொகுதியில் த-4, த-5 என்று எண் போட்டு வரும் எழுத்துகளை ‘ல’வாக மாற்றி எழுதிக்கொண்ட பிறகே தேடத் தொடங்குங்கள். மாற்றாமல் தேடினால், ஏற்கெனவே தீர்ந்துபோன சொல் ஒன்று உங்கள் மேசையில் மர்மமாக உட்கார்ந்திருக்கும்.

4. விகுதியைக் கழற்றுங்கள்

பொருள் தெரியாவிட்டாலும் சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். -ஸ் எழுவாய், -ன் செயப்படுபொருள், -ன்ட்ஸி பன்மை எழுவாய், வினையில் -தி நிகழ்காலம், -த இறந்தகாலம், -து ஏவல். இவை கையில் இருந்தால் பாதித் தூரம் வந்தாயிற்று.

‘அலதி’யை எடுங்கள். -அதி என்ற விகுதி நம் இலக்கணப்படி மூன்றாம் வேற்றுமைக்கும் ஐந்தாம் வேற்றுமைக்கும் பொது. அதாவது ‘ஆல்’ ஆகவும் இருக்கலாம், ‘இலிருந்து’ ஆகவும் இருக்கலாம். ‘விலுசதி’யிலும் அதே விகுதி. ‘அவியெந்த’ என்பது ‘வந்தார்கள்’. இப்போது கதவு இரண்டு. ஒன்று, ‘அல-’ என்பது விலுசாவுக்கு அடைமொழி, அதனால்தான் இரண்டுக்கும் ஒரே விகுதி, ‘அல-வான விலுசாவிலிருந்து’. மற்றொன்று, ‘அல-’ தனிப் பெயர்ச்சொல். ‘அல-விலிருந்து’ அல்லது ‘அல-வோடு’ வந்தார்கள். நடுவில் வினை வந்து இரண்டையும் பிரித்திருப்பது முதல் வழியைத் தடுக்காது, பாட்டில் அப்படி வரலாம். ஆனால் இலக்கணம் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தராது. இதை அப்படியே உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்: வேற்றுமை உறுதி, சொல்வகை உறுதியில்லை.

ஒலியைப் பற்றி ஒரு விஷயம். தமிழ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நாம் ‘எட்டு’ என்பதில் வல்லொலியும் ‘எடு’ என்பதில் மெல்லொலியும் கேட்கிறோம், எழுத்து ஒன்றுதான், இரட்டிப்பது மட்டும் வேறு. ஆப்பெழுத்திலும் உயிர்களுக்கு நடுவே இரட்டித்து எழுதினால் ஓர் ஒலி, ஒற்றையாக எழுதினால் வேறு. ஒற்றைத் தகரம் வரும் -அதி விகுதி பிற்காலக் கல்வெட்டுகளில் -அரி என்று மாறுவதும் அதனால்தான். இரட்டைத் தகரம் அப்படி ரகரமாவதில்லை. சித்திர எழுத்தில் இந்த இரட்டிப்பே காட்டப்படாது. மெய்யெழுத்துக்கு முன் வரும் னகரமும் எழுதப்படாது. ‘-த’ என்று முடியும் வினை ‘செய்தான்’ ஆகவும் இருக்கலாம், ‘செய்தார்கள்’ ஆகவும் இருக்கலாம். எழுவாயைப் பார்க்காமல் எண்ணை முடிவு செய்யாதீர்கள்.

5. சொல் வரும் இடங்களையெல்லாம் திரட்டுங்கள்

ஒரே ஒரு இடத்தில் வரும் சொல்லுக்கும் அக்கம்பக்கம் உண்டு. அதே வேர், வேறு விகுதியோடு இன்னொரு பலகையில் இருக்கலாம். ஆட்பெயரில் ஒளிந்திருக்கலாம். தொகுப்பில் தேடும்போது முழுச்சொல்லைப் போடாமல் முதல் இரண்டு அசைகளை மட்டும் போட்டுப் பாருங்கள்.

கல்வெட்டில் உங்களுக்குக் கூடுதலாக ஒரு உதவி, சொல்லுக்கு முன் வரும் பொருட்குறி. எழுத்துப்பெயர்ப்பில் இது லத்தீன் பெரிய எழுத்தில், அடைப்புக்குள் வரும். ‘லிக்னும்’ என்றால் மரம் சார்ந்தது, ‘ஊர்ப்ஸ்’ என்றால் ஊர், ‘பேஸ்’ என்றால் கால் அல்லது நடை, ‘தேயுஸ்’ என்றால் கடவுள். சொல்லின் பொருள் தெரியாமலே அது மரச்சாமானா ஊர்ப்பெயரா என்பது தெரிந்துவிடும். லத்தீன் பெயர் நாம் குறிக்கு வைத்த அடையாளச்சீட்டு மட்டுமே, அது லூவியன் சொல்லின் மொழிபெயர்ப்பு ஆகாது.

அப்புறம் வாய்பாடுகள். இரும்புக்காலக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: நான் இன்னார், இன்னாரின் மகன், தெய்வங்கள் என்னை நேசித்தன, கோட்டை கட்டினேன், ஆடும் மாடும் பலியிட்டேன், என் பெயரை அழிப்பவனைத் தர்ஹுன்ட்ஸாவும் குபாபாவும் தண்டிக்கட்டும். உங்கள் சொல் இந்த அச்சில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதே இடத்தில் மற்ற கல்வெட்டுகளில் என்னென்ன சொற்கள் வருகின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். என் அனுபவத்தில் உறுதியான விடை அதிகமாகக் கிடைப்பது இந்தப் படியில்தான். பார்க்கச் சலிப்பான வேலை, ஆனால் தாண்டாதீர்கள்.

6. இருமொழிக் கல்வெட்டு இருந்தால் நிதானமாகப் பயன்படுத்துங்கள்

தெற்குத் துருக்கியின் கரத்தெப்பேயில் 1946-இல் கண்டெடுத்த, அசத்திவத என்ற ஆட்சியாளரின் கல்வெட்டு, லூவியனிலும், பொருள் நன்றாகத் தெரிந்த ஃபினீஷியன் மொழியிலும் ஒரே செய்தியைச் சொல்கிறது. 1997-இல் அதானா அருகே கிடைத்த சினேக்கொய் கல்வெட்டும் அப்படியே. உங்கள் சொல் இவற்றில் வந்தால் அதிர்ஷ்டம். ‘தர்வன-’ என்ற சொல்லுக்கு எதிரே ஃபினீஷியனில் ‘நீதி’ என்று பொருள்படும் சொல் நிற்பதால்தான், சிற்றரசர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட ‘தர்வனி’ பட்டத்துக்கும் நீதிக்கும் உறவு உண்டு என்று துணிந்து சொல்ல முடிகிறது. அந்தப் பட்டத்தைக் கிரேக்க ‘டிரன்னோஸ்’ (தனியாட்சியாளர்) என்ற சொல்லோடு இணைப்பது வேறு கணக்கு. அது ஒரு முன்மொழிவு, அந்த அளவில் வையுங்கள்.

இருமொழி என்றதும் சொல்லுக்குச் சொல் நேர் என்று எடுத்துக்கொள்வது அடுத்த குழி. அதே கரத்தெப்பேயின் முதல் வாக்கியத்தையே பாருங்கள். லூவியனில் அசத்திவத தன்னைச் ‘சூரியனின் ஆசி பெற்ற மனிதன்’ என்கிறார். ஃபினீஷியனில் அந்த இடத்தில் சூரியன் இல்லை, பஅல் என்ற கடவுள் இருக்கிறார். கூட வரும் சொல்லை ‘பஅலின் ஆசி பெற்றவன்’ என்று சிலரும், ‘பஅலின் காரியதரிசி’ என்று சிலரும் படிக்கிறார்கள். லூவியன் சொல்லை வைத்து ஃபினீஷியனையும், அந்த ஃபினீஷியனை வைத்து மறுபடி லூவியனையும் விளக்கினால், கணக்கு சரியாக வந்ததுபோலத்தான் தோன்றும்.

7. உறவுமொழி ஒப்பீட்டைக் கடைசியில் வையுங்கள்

எல்லோருக்கும் இதுதான் பிடித்த படி, அதனால்தான் எல்லோரும் இதிலிருந்து தொடங்குகிறார்கள். லூவியன் இந்தோ-ஐரோப்பிய மொழி. குதிரைக்கு ‘அசுவ’ என்று பார்த்ததும் சமஸ்கிருத ‘அச்வ’ நினைவுக்கு வருவதில் தப்பில்லை, அது உண்மையான உறவு. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் குதிரை என்பது வாக்கியங்களிலிருந்தும் குறிகளிலிருந்தும் முதலில் தெரிந்தது. உறவு அதை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். பொருள் தெரியாத சொல்லுக்கு ஒலியை மட்டும் வைத்து வேர் தேடினால் எந்தச் சொல்லுக்கும் எந்தப் பொருளும் கிடைக்கும்.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு பொறி காத்திருக்கிறது. லூவியனில் தாய் ‘அன்னி’, தந்தை ‘தாதி’. அன்னை, தாத்தா என்று உடனே மனம் ஓடும். குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளிலிருந்து உலகெங்கும் இப்படிப்பட்ட உறவுப்பெயர்கள் தனித்தனியே பிறந்திருக்கின்றன. இதை வைத்து ஒரு முடிவும் கட்ட வேண்டாம். இந்த ஒற்றுமையைப் பரவசத்தோடு அனுப்பிவைக்கும் நண்பர்களுக்கு நான் பதில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

சரி, ‘அலதி’க்கு வருவோம். வாட்கின்ஸ் ‘செங்குத்தான’ என்று சொன்னதற்கு ஹோமர் ஒரு பலம். இலியோஸ் (ட்ராய்) நகருக்கு ஹோமர் தரும் அடைமொழிகளில் ஒன்று ‘ஐபெய்னே’, செங்குத்தானது. விலுசாவும் இலியோஸும் ஒரே ஊர் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அழகான வாதம், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஹோமரை வைத்துச் சொல்லுக்குப் பொருள் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பொருளை வைத்து ‘பாருங்கள், லூவியன் பாட்டிலும் ஹோமரின் அடைமொழி’ என்று சொன்னால் வட்டம் போட்டுவிட்டோம். போதாததற்கு, இந்த வரியில் ‘விலுச-’ ஊர்ப்பெயரே இல்லை, ஹிட்டைட் ‘வெல்லு’ (புல்வெளி) போல ஒரு பொதுச்சொல் என்று வாதிடுவோரும் உண்டு. அது சரியென்றால் செங்குத்து எங்கே போகும்?

என் கணிப்பு: அடைமொழி என்பது நல்ல சாத்தியம், ‘செங்குத்தான’ என்பது அதற்கு மேல் ஒரு படி ஊகம். இரண்டையும் ஒரே கேள்விக்குறிக்குள் போடக் கூடாது.

8. எழுதி வைப்பதும், ஆகும் நேரமும்

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் போதும். மேலே சொல், அது வரும் இடம், நீங்களே புகைப்படத்தில் பார்த்தீர்களா என்ற குறிப்பு. அடுத்து இலக்கணம். அடுத்து ஒத்த இடங்கள். கடைசியில் முன்மொழியப்பட்ட பொருள்கள், யார் சொன்னார், எதை ஆதாரமாக வைத்து என்பதோடு. உறுதியானதை ஒரு நிறத்திலும் ஊகத்தை வேறு நிறத்திலும் எழுதுங்கள். அகராதியில் இருக்கும் கேள்விக்குறி, மேற்கோள் மேற்கோளாகக் கைமாறும்போது முதலில் உதிர்வது. பிறர் கட்டுரையில் கேள்விக்குறி இல்லாமல் ஒரு பொருளைக் கண்டால், அவர் மேற்கோள் காட்டும் நூலையே திறந்து பாருங்கள்.

நேரம்: மூலப் புகைப்படத்தைப் பார்த்து எழுத்துகளைச் சரிபார்க்க ஒரு மாலை. ஒத்த இடங்களைத் திரட்ட ஒரு வாரம். நூலகப் பக்கங்களும் கட்டுரைகளும் வந்து சேர இரண்டு மூன்று வாரம். ஆகவே பக்கங்களைக் கேட்கும் வேலையை முதல் நாளே செய்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கும் கட்டுரையைப் பணம் கொடுத்து வாங்குவதற்கு முன், ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். இந்தத் துறை சின்னது, அனுப்பிவைப்பார்கள். ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராமல் போகலாம். பலகை எண், வரி எண், நீங்கள் பார்த்த ஒத்த இடங்கள், உங்களுக்கு எங்கே சந்தேகம் என்று எழுதிக் கேட்டால் வாய்ப்பு அதிகம்.

உங்கள் முடிவை எங்காவது பகிரும்போது, நீங்கள் நம்பிய ஒவ்வொரு வாசிப்புக்கும் பக்கத்தில் அது வெளியான ஆண்டைப் போடுங்கள். கல்வெட்டுச் சொல் என்றால் 319, 172 குறிகள் அதில் வருகின்றனவா, வந்தால் பழைய ஒலியா புதிய ஒலியா என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.